போக்கிமான் பார்ப்பது நின்றுபோன கதை

சிறு வயதிலிருந்து பார்த்துவந்த ஒரு கார்ட்டூன் தொடர் அலுத்துப்போனால் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தோன்றுவதில்லை. வளர்ந்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதே சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். இன்னும் விடாமல் பார்ப்பவர்களுக்கோ நாம் விட்டுவிட்டது துரோகமாகத் தெரியும். எனக்கு அப்படி அலுத்துப்போன தொடர் போக்கிமான். அது எப்படி அலுத்தது, அலுப்பு என்ற ஒரே பெயரில் எத்தனை வேறு விஷயங்கள் கலந்திருந்தன, அதன்பின் தொடரோடு எந்த அளவுக்கு உறவு வைத்துக்கொள்ள முடிந்தது என்பதை எழுதிவைத்தால், ஒன் பீஸையோ நருட்டோவையோ வேறொரு நெடுந்தொடரையோ பாதியில் வைத்துக்கொண்டு, விடவும் முடியாமல் தொடரவும் மனமில்லாமல் இருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்று நினைக்கிறேன்.

தொடரைப் பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள் போதும். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளிவந்த விளையாட்டு பெரும் வெற்றி பெற, அதையொட்டி 1997 ஏப்ரல் 1 அன்று டிவி டோக்கியோவில் இந்தத் தொடர் தொடங்கியது. விளையாட்டை உருவாக்கிய சதோஷி தாஜிரியின் பெயரையே நாயகனுக்கும் வைத்தார்கள். ஆங்கில வடிவத்தின் வழியாக அறிந்த நமக்கு அவன் ஆஷ். போக்கிமான்கள் என்பவை பிடித்து வளர்த்து ஒன்றோடொன்று மோதவிடும் கற்பனை உயிரினங்கள். பத்து வயதுப் பையன் பிகாச்சு என்ற மின்சக்திப் போக்கிமானோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். ஊர் ஊராகச் சென்று ஜிம் எனப்படும் போட்டிக்கூடங்களின் தலைவர்களை வென்று, வெற்றிக்கு அடையாளமான எட்டு பேட்ஜ்களைச் சேர்த்து, லீக் போட்டியில் கலந்துகொண்டு, என்றாவது ஒருநாள் போக்கிமான் மாஸ்டர் ஆவது அவன் கனவு. முதல் விளையாட்டில் 151 ஆக இருந்த போக்கிமான்களின் எண்ணிக்கை இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆஷுக்கு மட்டும் 2023-ல் விடைபெறும்வரை வயது பத்துதான்.

என்னைக் கட்டிப்போட்டவை போட்டிகள் அல்ல, பிரிவுகள். முதல் சீசனின் 21-ஆவது எபிசோடில் ஆஷ் தன் பட்டர்ஃப்ரீ என்ற பட்டாம்பூச்சிப் போக்கிமானை விட்டுப் பிரிகிறான். அவன் சொந்தமாகப் பிடித்த முதல் போக்கிமான் அதுதான். புழுவாக வந்து, கூடாகி, சிறகு முளைத்ததை எல்லாம் அவனோடு சேர்ந்து நாமும் பார்த்திருக்கிறோம். அது தன் துணையோடு கடலைக் கடந்து போகும்போது ஆஷ் அழுதுகொண்டே கையசைக்கிறான். நாயகனுக்கு நன்மை நடந்த அதே நிமிடத்தில் இழப்பும் நடக்கலாம் என்பதை ஒரு குழந்தைகள் தொடர் அவ்வளவு நேரடியாகக் காட்டியது எனக்குப் புதிது. அதைப்போலவே சாரிசார்டின் கதை. மழையில் கைவிடப்பட்டுக் கிடந்த சார்மாண்டர் என்ற குட்டிப் போக்கிமானை ஆஷ் எடுத்து வளர்க்கிறான். அது பெரிதாகிச் சாரிசார்ட் ஆனதும் அவன் சொல்லைக் கேட்க மறுக்கிறது. கான்டோ நிலப்பகுதியின் இண்டிகோ லீக்கில் ரிச்சி என்ற போட்டியாளனின் பிகாச்சுவுக்கு எதிரே நிற்கவேண்டிய நேரத்தில் மைதானத்தின் நடுவிலேயே படுத்துக்கொள்கிறது, ஆஷ் தோற்றுப்போகிறான். வளர்த்தவனுக்கு எதிரியிடம் தோற்பதைவிடத் தன்னுடையதே தன்னை மதிக்காமல் போவதுதான் பெரிய அடி. பிறகொரு எபிசோடில் உறைந்து கிடக்கும் சாரிசார்டை இரவு முழுவதும் கையால் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றிய பிறகே அது அவனிடம் திரும்புகிறது.

இப்படிப்பட்ட எபிசோடுகள் குறைவு என்பதைச் சிறு வயதில் நான் கவனிக்கவில்லை. பெரும்பாலான எபிசோடுகளுக்கு ஒரே எலும்புக்கூடுதான் இருந்தது. ஆஷும் நண்பர்களும் ஒரு புதிய ஊருக்கு வருவார்கள், அங்கே ஏதோ ஒரு போக்கிமானோடு ஏதோ ஒரு சிக்கலில் இருக்கும் ஒருவரைச் சந்திப்பார்கள், முக்கால்வாசி கடந்ததும் போக்கிமான்களைத் திருட அலையும் டீம் ராக்கெட் என்ற மூவர் கூட்டம் வந்து தங்கள் முழக்கத்தைப் பாடி ஓர் இயந்திரத்தை இறக்கும், பிகாச்சு மின்னலடிக்கும், மூவரும் வானத்தில் புள்ளியாக மறைவார்கள், அந்த ஊர்க்காரருக்குத் தன்னம்பிக்கை பிறக்கும், பயணம் தொடரும். எட்டு வயதில் இந்த ஒழுங்கே ஓர் ஆறுதல். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் அந்த வயதில் தொடர் பார்ப்பதன் பாதி இன்பம். பதினான்கு, பதினைந்து வயதில் அதே ஒழுங்கு கண்ணை உறுத்தத் தொடங்கியது. டீம் ராக்கெட் வருவதற்கு இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று திரையின் அடியில் உள்ள கோட்டைப் பார்த்துக் கணக்கிடும் பழக்கம் எனக்கு எப்போது வந்ததென்று தெரியவில்லை; அது வந்த பிறகு போகவே இல்லை.

ஆனாலும் சூத்திரம் தெரிந்துபோனதால் மட்டும் ஒருவருக்கு ஆர்வம் போய்விடாது என்பது என் கருத்து. துப்பறியும் கதைகளின் சூத்திரம் எல்லாருக்கும் தெரியும், படிப்பவர்கள் குறையவில்லை. எனக்கு விரிசல் விழுந்த இடம் வேறு. ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஒரு லீக் உண்டு. கான்டோவில் கடைசிப் பதினாறு பேரில் ஒருவன், ஜோட்டோவிலும் ஹோயனிலும் கடைசி எட்டு, சின்னோவில் கடைசி நான்கு என்று ஆஷ் தோற்றுக்கொண்டே மெல்ல முன்னேறிக்கொண்டிருந்தான். சின்னோ லீக்கில் பால் என்ற போட்டியாளனோடு அவன் மோதிய ஆட்டம் இந்தத் தொடரின் உச்சங்களில் ஒன்று என்று இன்றும் சொல்வேன். பலவீனமானது என்று பால் தூக்கி எறிந்த சிம்சாரை ஆஷ் எடுத்து வளர்த்து, அதுவே இன்ஃபர்னேப்பாக வளர்ந்து பழைய எஜமானனுக்கு எதிரே நின்று வென்றபோது, பல ஆண்டுகள் சுமந்து வந்த ஒரு கதை சரியான இடத்தில் இறக்கிவைக்கப்பட்டது போலிருந்தது. அதற்கடுத்து, 2010 செப்டம்பரில் யுனோவா நிலப்பகுதியின் சீசன் தொடங்கியது. வானத்திலிருந்து விழுந்த மின்னலில் பிகாச்சு தற்காலிகமாகத் தன் மின்சக்தியை இழக்கிறது; அன்றுதான் போக்கிமானைப் பெற்றுக்கொண்டு வந்த ட்ரிப் என்ற புதுப் பையனின் ஸ்னைவியிடம் தோற்கிறது. நான்கு லீக்குகளைக் கண்ட பயிற்சியாளன் மறுபடியும் முதல் நாள் மாணவனைப் போல நடந்துகொள்கிறான்.

பால் ஆட்டத்துக்காகக் காத்திருந்து பார்த்த எனக்கு இந்த ஆட்டம் அவமதிப்பாக இருந்தது. கதை முன்னோக்கிப் போகிறது என்று நம்பிப் பார்ப்பவனிடம், இல்லை, நாங்கள் வட்டமாகத்தான் சுற்றுகிறோம் என்று தொடரே சொல்லிவிட்டது. நெடுந்தொடர்களில் ஆர்வம் போவதற்கு இதுவே மிக வலுவான காரணம் என்று நினைக்கிறேன்: நாம் நினைவில் வைத்திருப்பதைத் தொடர் நினைவில் வைத்திருக்கவில்லை என்று தெரியவரும் தருணம்.

ஆனால் அந்தத் தருணத்திலேயே யாரும் விட்டுவிடுவதில்லை. நானும் விடவில்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில் பார்ப்பதன் தன்மைதான் மாறியது. முதலில் தொடக்கப் பாடலைத் தாண்டிவிட்டுப் பார்த்தேன். பிறகு ஜிம் ஆட்டம் இல்லாத எபிசோடுகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். பிறகு எபிசோடு ஒரு பக்கம் ஓட, கையில் ஃபோன். வாரம் ஒன்றாகப் பார்த்தது போய், சேர்த்துவைத்து மொத்தமாகப் பார்க்கலாம் என்று ஆனது. சேர்த்துவைத்தவை கடன் பாக்கியைப் போல மனத்தில் உட்கார்ந்துகொண்டன. இந்த அடையாளங்களைக் குறித்துவைத்துக்கொள்வது பயன்படும். ஒரு தொடரைப் பார்க்க உட்காரும்போது 'இன்று என்ன நடக்கும்' என்ற எண்ணம் வருகிறதா, 'இன்னும் எத்தனை பாக்கி' என்ற எண்ணம் வருகிறதா என்று கவனித்தாலே போதும். இரண்டாவது எண்ணம் மாதக்கணக்கில் நீடித்தால், அங்கே நடப்பது பார்ப்பது அன்று, தீர்ப்பது.

அந்தக் காலத்தில் எனக்குத் தொடரின்மேல் கோபம் அதிகம். எழுத்தாளர்களுக்கு அக்கறை இல்லை, பணத்துக்காக இழுக்கிறார்கள் என்று நண்பர்களிடம் நீளமாகப் பேசியிருக்கிறேன். கோபம் தணிந்தது தொடர் இயங்கும் முறையை ஓரளவு தெரிந்துகொண்ட பிறகுதான். ஜோட்டோவை அறிமுகப்படுத்திய விளையாட்டு 1999-லும், ஹோயன் 2002-லும், சின்னோ 2006-லும், யுனோவா 2010-லும், கலோஸ் 2013-லும் வெளிவந்தன. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய விளையாட்டு, புதிய நிலப்பகுதி, புதிய போக்கிமான்கள். அவற்றையொட்டி அட்டைகள், பொம்மைகள், திரைப்படங்கள். ஒவ்வொரு முறையும் தொடர் அந்தப் புதிய நிலப்பகுதிக்கு ஆஷைக் கூட்டிச்சென்றாக வேண்டும். அந்த நேரத்தில் முதன்முறையாகத் தொலைக்காட்சி முன்னால் உட்காரும் பிள்ளைக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது. ஆஷ் கற்றுக்கொள்ளும்போதுதான் அந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ள முடியும். ஆகவே பழைய போக்கிமான்களைப் பேராசிரியரின் பண்ணையில் விட்டுவிட்டுப் பிகாச்சுவை மட்டும் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் கிளம்புவது, சோம்பலால் எழுதப்பட்ட கதை என்பதைவிட, பார்வையாளர் மாறிக்கொண்டே இருப்பார் என்ற கணக்கில் எழுதப்பட்ட கதை என்பதே சரி. பத்து வயதுக்காரர்களுக்கான தொடர் பத்து வயதுக்காரர்களோடு நிற்கிறது. நான் அந்த இடத்தைக் கடந்து போய்விட்டு, அது என் பின்னாலேயே வரவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா நெடுந்தொடர்களும் ஒரே விதத்தில் அலுப்பதில்லை. ஜப்பானில் 1969 அக்டோபரில் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் சசாயே-சான் தொடரிலோ டோரேமானிலோ யாருக்கும் வயதாவதில்லை, ஆனால் அதற்காக யாரும் கோபப்படுவதும் இல்லை. நோபிதா ஒருநாள் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியே தீருவான் என்று டோரேமான் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அதை உருவாக்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996-ல் மறைந்தார். கதைக்கென்று அறுதியான ஒரு முடிவை எழுதாமலேயே போனார். தொடருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. அப்படிப்பட்ட தொடரில் ஆர்வம் குறைந்தால் அது வலிக்காமல் குறையும். எப்போது வேண்டுமானாலும் போய் ஓர் எபிசோடு பார்த்துவிட்டு வரலாம். போக்கிமான் முதல் எபிசோடிலேயே ஓர் இலக்கைச் சொல்லிவிட்டு அந்த இலக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. இலக்கைச் சொன்ன கதையில்தான் ஏமாற்றத்துக்கு இடமிருக்கிறது.

மூன்றாவது வகை, கதை உண்மையாகவே முன்னேறும், ஆனால் நகராது. ஒன் பீஸ் மங்கா, அதாவது மூலச் சித்திரக்கதை, 1997-ல் தொடங்கியது; அதன் அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், 1999 அக்டோபரில். பல ஆண்டுகள் வாரந்தோறும் ஓடிய அனிமே மங்காவை எட்டிப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, ஓர் எபிசோடில் மங்காவின் ஓர் அத்தியாயம்கூட முழுதாக முடியாதபடி மெதுவாக நடந்தது. முந்தைய கதைச் சுருக்கம் சில நிமிடம், ஒவ்வொருவர் முகத்திலும் அதிர்ச்சி சில நிமிடம். நருட்டோ வேறு வழியை எடுத்தது. முதல் தொடரின் 220 எபிசோடுகளில் இறுதிப் பகுதியில் ஏறத்தாழ 80 எபிசோடுகள் மங்காவில் இல்லாத ஃபில்லர். இந்த வகை அலுப்புக்கு மருந்து சுலபம், ஆகவே அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: மங்காவுக்குப் போய்விடலாம், அல்லது ரசிகர்கள் தொகுத்துவைத்திருக்கும் ஃபில்லர் பட்டியலைப் பார்த்துத் தாண்டிவிடலாம். டிராகன் பால் இஸட் தொடரின் 291 எபிசோடுகளில் இருந்த இழுவையைக் களைந்து 2009-ல் தயாரிப்பாளர்களே டிராகன் பால் காய் என்று ஒரு சுருக்க வடிவத்தை வெளியிட்டார்கள். அப்படி ஒன்று இருந்தால் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லாமல் அதையே பார்க்கலாம். கதையின்மேல் ஆர்வம் இருந்து வேகத்தின்மேல் மட்டும் எரிச்சல் இருப்பவர் தொடரையே கைவிடுவது தேவையற்றது.

போக்கிமானுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அங்கே தாண்டிப் போய்ச் சேர வேண்டிய மூலக்கதை என்று ஒன்றும் இல்லை. எனவே என் அலுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்க இரண்டு சோதனைகள் செய்தேன். யாருக்கும் இவற்றைப் பரிந்துரைப்பேன். முதலாவது, நான் பொற்காலம் என்று மனத்தில் வைத்திருந்த முதல் சீசனை நினைவிலிருந்து மதிப்பிடாமல் வரிசையாக மறுபடி பார்த்தது. நல்ல எபிசோடுகளை மட்டும் பொறுக்கிப் பார்த்தால் இந்தச் சோதனையால் பயனில்லை. சாதாரண எபிசோடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்த்தபோது தெரிந்தது, நான் பின்னாளில் குறைசொன்ன எல்லாமே அங்கும் இருந்தன. அதே எலும்புக்கூடு, அதே இயந்திரம், அதே புள்ளி. அசைவுகள் கட்டுக்கட்டாக இருந்தன, ஒரே ஓவியத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள், ஜிம் ஆட்டங்களில் சிலவற்றை ஆஷ் முறைப்படி வெல்லவே இல்லை. இரக்கப்பட்டு பேட்ஜைக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டர்ஃப்ரீ மட்டும் அன்றுபோலவே இருந்தது.

இரண்டாவது சோதனை, நான் பார்க்காமலேயே வெறுத்துவைத்திருந்த ஒரு பகுதியைப் பார்த்தது. 2016 நவம்பரில் தொடங்கிய அலோலா சீசனில் முகங்களை எளிமையாக்கி வரைந்திருந்தார்கள். ஆஷ் ஊர் சுற்றாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்கிறான். படங்களைப் பார்த்துவிட்டே இது குழந்தைத்தனம் என்று ஒதுக்கியவர்கள் என்னைச் சேர்த்து நிறையப் பேர். பார்த்தால், எளிய கோடுகளால் உருவங்களின் அசைவு முன்னெப்போதையும்விட உயிர்ப்பாக இருந்தது, நகைச்சுவை கூர்மையாக இருந்தது, வெற்றி நெருங்கும் நேரத்திலெல்லாம் டீம் ராக்கெட்டை ஒரு பெரிய கரடிப் போக்கிமான் தூக்கிக்கொண்டு போவது பழைய சூத்திரத்தைத் தொடரே கிண்டல் செய்வதாக இருந்தது. தரம் நன்றாக இருக்கிறது என்று அறிவு ஒப்புக்கொண்டது. மனம் அடுத்த எபிசோடைக் கேட்கவில்லை. இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், தொடர் கெட்டுப்போனது என்று நான் சொல்லிவந்ததில் யுனோவாவின் தொடக்கம் போன்ற சில இடங்கள் தவிர மற்றவை என் வயதின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை என்று தெளிந்தது.

இனி, விடுவது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். கதைப்பகுதி ஒன்று முடியும் இடத்தில் நிறுத்துவதே நல்லது. பாதியில் நிறுத்தினால், அந்த ஆட்டம் என்ன ஆயிற்று என்ற சிறு அரிப்பு இருந்துகொண்டே இருக்கும். அந்த அரிப்பை ஆர்வம் என்று தவறாக எண்ணி மறுபடி உள்ளே போவோம், மறுபடி அலுக்கும். நான் நிறுத்தியது 2016-ல், கலோஸ் லீக் முடிந்த இடத்தில். இறுதிப் போட்டிவரை வந்த ஆஷின் கிரெனிஞ்சா என்ற போக்கிமான், அலைன் என்ற போட்டியாளனின் சாரிசார்டிடம் தோற்றது. அந்த முறை வென்றே தீருவான் என்று நம்பியிருந்த உலகெங்கும் உள்ள ரசிகர்கள் கொதித்தார்கள். நானும் அன்று முழுவதும் வேறு பேச்சில்லாமல் இருந்தேன். அந்தக் கோபத்தில் விட்டுவிட்டேன் என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கோபப்படும் அளவுக்கு அக்கறை இருந்தவரை ஆர்வம் போகவில்லை என்பதே உண்மை. அது போய்விட்டது என்று உறுதியாகத் தெரிந்தது மூன்று ஆண்டுகள் கழித்து. 2019 செப்டம்பரில் ஆஷ் அலோலா லீக்கை வென்றான். தொடர் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய லீக் வெற்றி. தூரத்து உறவினர் வீட்டுக் கல்யாணச் செய்தியைக் கேட்பது போல, நல்லது, சந்தோஷம் என்று நினைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்த எபிசோடைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. தோற்றபோது தூக்கம் கெட்டவனுக்கு வென்றபோது எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை என்றால், அதற்குமேல் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

விடுவதில் தொடரைவிடக் கடினமானவர்கள் நண்பர்கள். எங்கள் நட்பில் ஒரு பகுதி இந்தத் தொடரைப் பற்றிய பேச்சால் ஆனது. நான் நிறுத்திய பிறகும் சில காலம் எபிசோடுகளின் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பேச்சில் கலந்துகொண்டேன். அது சலிப்பான வேலை, நண்பர்களுக்கும் ஒருவிதத்தில் மரியாதைக் குறைவு. ஒருநாள் அவர்களில் ஒருவனிடம், "நான் இப்போ பாக்குறது இல்லடா, நீ சொல்லு, கேட்டுக்கிறேன்" என்றேன். அவன் கோபிக்கவில்லை. ஸ்பாய்லர் என்ற அச்சம் இல்லாத ஒருவன் கிடைத்ததில் அவனுக்கு மகிழ்ச்சிதான். பார்க்கிறவர்களிடம் சொல்ல முடியாததை எல்லாம் என்னிடம் சொன்னான். நம் ஆர்வமின்மையை அறிவிப்பது வேறு, அவர்களுடைய ஆர்வத்தைக் கேலி செய்வது வேறு. பின்னதைச் செய்யாதவரை முன்னதால் ஒன்றும் ஆகிவிடாது. எரிச்சலோடு பார்த்துக்கொண்டே குறைசொல்லிக்கொண்டிருக்கும் ரசிகனைவிட, பார்க்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் பழைய ரசிகன் எவ்வளவோ மேல்.

அட்டைகள், பொம்மைகள் போன்ற சேகரிப்புகளைப் பற்றி ஒன்றே ஒன்று: அலுப்பு வந்த புதிதில் அவற்றை விற்கவோ கொடுத்துவிடவோ வேண்டாம். ஒரு பெட்டியில் போட்டு ஓராண்டு கண்ணில் படாமல் வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். எதை வைத்துக்கொள்வது என்று கையே தேர்ந்தெடுக்கும். என் கை தேர்ந்தெடுத்தது விலைமதிப்புள்ள எதையும் அல்ல, மூலை மடங்கிய ஒரு பட்டர்ஃப்ரீ அட்டையைத்தான்.

ஆர்வம் போன தொடருக்குத் திரும்பவே கூடாது என்று ஒன்றுமில்லை. எதற்காகத் திரும்புகிறோம் என்று தெரிந்திருந்தால் போதும். 2022 நவம்பரில் ஆஷ் அதுவரை சாம்பியனாக இருந்த லியானை வென்று உலகச் சாம்பியன் ஆனபோது செய்தி எங்கும் பரவியது. அந்த ஆட்டத்தை மட்டும் பார்த்தேன். ஆட்டம் பிரமாதம், ஆனால் அங்கே வந்து சேர்ந்த வழியை நான் நடக்கவில்லை, அதனால் அது இன்னொருவருடைய வெற்றியாகவே இருந்தது. 2023 ஜனவரி முதல் மார்ச் 24 வரை ஆஷின் விடைபெறலாக 11 எபிசோடுகள் ஒளிபரப்பானபோது நிலைமை வேறு. தொடக்க ஆண்டுகளில் ஆஷ் தன் பிட்ஜியாட் என்ற பறவைப் போக்கிமானை ஒரு காட்டில் விட்டு, திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். அதன்பின் பல சீசன்கள், பல நிலப்பகுதிகள் கடந்தும் அவன் வரவில்லை. ரசிகர்கள் இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டியது ஒரு நீண்டகால வேடிக்கையாகவே ஆகிவிட்டது. அந்த இறுதி எபிசோடுகளில் பிட்ஜியாட் அவனிடம் திரும்புகிறது. யுனோவாவில் எனக்கு இருந்த மனக்குறை, நாம் நினைவில் வைத்திருப்பதைத் தொடர் மறந்துவிட்டது என்பதுதானே. இத்தனை ஆண்டுகள் தாமதமாகவேனும் ஒன்றை நினைவில் வைத்திருக்கிறோம் என்று காட்டியது போதுமானதாக இருந்தது. அதற்காகத் தொடரைத் தினமும் பார்க்கத் தொடங்கிவிடவில்லை. அந்தப் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆஷ் போன மூன்று வாரங்களில், 2023 ஏப்ரல் 14 அன்று, லிகோ என்ற சிறுமியையும் ராய் என்ற சிறுவனையும் நாயகர்களாகக் கொண்டு புதிய தொடர் தொடங்கியது. என் அக்கா மகளுக்குப் போக்கிமான் என்றால் அதுதான். வான்கப்பலில் போகிறார்கள், ஒரு பதக்கத்தின் மர்மத்தைத் துரத்துகிறார்கள். பேட்ஜ் சேர்க்கும் சட்டகத்தை விட்டுவிட்டுத் தொடர்கதையாகவே நகர்கிறது. அதிலும் ஒரு பிகாச்சு உண்டு, கப்பல் தலைவனுக்குரிய தொப்பியோடு. "மாமா, உங்க காலத்துல இருந்த பிகாச்சுவுக்கு ஏன் தொப்பி இல்ல?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஆஷின் வரலாற்றை முழுதாகச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அதைச் செய்யக் கூடாது என்பதுதான் குழந்தைகளோடு இந்தத் தொடர்களைப் பார்க்கும் பழைய ரசிகர்களுக்கு என் வேண்டுகோள். எங்கள் காலத்தில் இதைவிட நன்றாக இருந்தது என்று சொன்னால், முதல் சீசனை வரிசையாகப் பார்த்த யாரும் அதை நேர்மையாகச் சொல்ல முடியாது என்பது ஒருபுறம் இருக்க, அந்தக் குழந்தை தன் கண்முன் ஓடுவதை இரண்டாந்தரமானதாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். எங்கள் காலத்துப் பிகாச்சுவின் தொப்பியை ஆஷ் போட்டுக்கொண்டிருந்தான் என்றேன். அவளுக்கு அது போதுமான விடையாக இருந்தது.

நீண்டகாலம் முன்பு விட்டுவிட்டு, விடைபெறவாவது ஒருமுறை எட்டிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. முதல் எபிசோடு, சார்மாண்டரை மழையிலிருந்து எடுக்கும் 11-ஆவது எபிசோடு, பட்டர்ஃப்ரீயின் 21, பிறகு ரிச்சியோடு நடக்கும் ஆட்டம். சின்னோவைப் பார்த்திருந்தால் பாலோடு நடக்கும் முழு ஆட்டம். பார்த்திராதவர்கள் அதைத் தனியாக எடுத்துப் பார்த்துப் பயனில்லை, சிம்சார் கைவிடப்படும் எபிசோடிலிருந்தாவது தொடங்க வேண்டும். கடைசியாக 2023-இன் பதினொன்று. ஓர் எபிசோடு இருபத்திரண்டு நிமிடம்தான். இரண்டு வார இறுதிகளில் நிதானமாக முடித்துவிடலாம். உலகச் சாம்பியன் ஆட்டத்தை இந்தப் பட்டியலில் நான் சேர்ப்பதில்லை. அதற்கு ஆசைப்படுபவர்கள் 2019-இல் தொடங்கிய சீசனை முதலிலிருந்தே பார்ப்பது நல்லது. அது நூற்றுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் கொண்டது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.